ஊர்ப் பெயர் எழுதும் பெட்டி: இரண்டு கிழமை வேலை

கிளிநொச்சியின் பரந்தனில் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுப்பது சித்தப்பாவின் தொழில். காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை தொடங்கிவிட்டால் உழவு இயந்திரப் பெட்டிகளில் மூடைகள் வந்துகொண்டேயிருக்கும். ஊர், நெல்லினம், மூடைக் கணக்கு எல்லாம் கொப்பியில்தான். அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கவென்று பைதன் என்ற நிரல்மொழியில் ஒரு சின்னச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிழமையும் ஒரேயொரு இடத்தில்தான் போயின: ஊர்ப் பெயர் போடும் பெட்டி.

முதலில் வைத்தது தெரிவு செய்ய மட்டும் விடும் பட்டியல். சித்தப்பா பார்த்துவிட்டு, "தம்பி, முத்தையன்கட்டில இருந்தும் ஆக்கள் கொண்டு வருவினம். உதில அந்த ஊர் இல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருக்கிற பெயரை எடுக்கவும் வேண்டும், இல்லாததை எழுதவும் வேண்டும். பைதனில் சாளரமும் பெட்டிகளும் செய்யும் தொகுப்பு டிகேஇன்டர். எழுதும் பெட்டியும் விரியும் பட்டியலும் சேர்ந்த அதன் கொம்போபொக்ஸ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நிலையை 'ரீட்ஒன்லி'யிலிருந்து 'நோர்மல்' ஆக்கியதும் எழுத முடிந்தது.

பெட்டிக்குள் நாமே ஒரு பெயரைப் போடுவதற்கு 'இன்சேர்ட்' என்பதைப் பாவித்தேன். இரண்டாவது தடவை 'பரந்தன்விசுவமடு' என்று வந்து நின்றது. இன்சேர்ட் பழையதை அழிக்காது, அதோடு சேர்க்கும். முழுவதையும் மாற்ற 'செட்' வேண்டும். வாசிக்க 'கெட்'. செட் கொடுக்கும் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பெட்டி பார்ப்பதில்லை. கொடுத்ததை அப்படியே காட்டும்.

நெல்லினப் பெட்டியில் இன்னொன்று. சோதித்துப் பார்க்க 'பச்சைப் பெருமாள்' என்ற ஒரு பெயரை மட்டும் நிரலில் வளைவு அடைப்புக்குள் போட்டேன். பட்டியலில் 'பச்சைப்' ஒரு வரி, 'பெருமாள்' இன்னொரு வரி. அடைப்புக்குள் ஒன்றுதான் இருந்தால் அதற்குப் பின் காற்புள்ளி போட வேண்டும். போடாவிட்டால் அது வெறும் சொற்றொடராகவே போகும், டிகேஇன்டருக்கு அடியில் இயங்கும் டிகே இடைவெளியில் பிரித்துவிடும். சதுர அடைப்பில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் நிகழ்வு, அதாவது பாவிப்பவர் ஏதும் செய்யும்போது பெட்டி எழுப்பும் அறிவிப்பு. ஊரைப் போட்டதும் அந்த ஊர்க் கமக்காரரின் பெயர்கள் அடுத்த பெட்டிக்கு வர வேண்டும். பட்டியலில் தெரிவு செய்தால் வந்தது, எழுதினால் வரவில்லை. 'கொம்போபொக்ஸ்செலக்டட்' பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்போதுதான் எழும். பெட்டியில் எழுதியதை வைத்திருக்கும் மாறியைக் கண்காணிக்கும் 'ட்ரேஸ்' வைத்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஓடுகிறது. 'பு' எழுதும்போது முதலில் 'ப' என்று வாசித்துத் தேடப் போகிறது. தமிழுக்கு அது சரிவராது. என்டர் விசைக்கும், பெட்டியை விட்டு வெளியேறும் நேரத்துக்கும் கட்டினேன். அது போதும்.

மூன்று இரவு எடுத்தது வேறு. 'கரன்ட்' என்று கேட்டால் பெட்டியில் இருக்கும் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று சொல்லும், இல்லாவிட்டால் -1. விசுவமடு, கண்டாவளை, முரசுமோட்டை என்று எழுதிப் பார்த்தேன். விசுவமடுவும் கண்டாவளையும் சரி. முரசுமோட்டைக்கு -1. புளியம்பொக்கணைக்கும் -1. பட்டியலைத் திறந்தால் அங்கே அதே பெயர் இருக்கிறது! கடைசியில் இரண்டு 'புளியம்பொக்கணை'யின் நீளத்தையும் (கணினிக்குள் எத்தனை குறிகள் என்று) எடுத்தேன். நான் எழுதியது 14, பட்டியலில் இருந்தது 15.

'பொ'தான் காரணம். எழுத்துகளுக்குக் கணினியில் குறி கொடுக்கும் முறையான யுனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. என் பட்டியல், யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்பிலிருந்து மாற்றியது. அதில் கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருக்கின்றன. என் விசைப்பலகை ஒரே குறியாக எழுதுகிறது. 'ோ'வுக்கும் இதே கதை, அதனால்தான் முரசுமோட்டையும் மாட்டுப்பட்டது. பைதனின் 'யுனிகோட்டேட்டா' தொகுப்பில் 'நோர்மலைஸ்' இருக்கிறது. அதில் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவம் கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கித் தரும். பட்டியலை ஏற்றும்போது ஒரு தடவை, கெட் கொடுத்ததை எடுக்கும்போது ஒரு தடவை. கூடவே முன்பின் இடைவெளிகளையும் வெட்டினேன். இப்போது இரண்டு ஊரும் கிடைக்கின்றன.

தமிழில் செயலி எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஊர் பட்டியலில் இரண்டு தடவை ஏறும், கணக்கும் இரண்டாகப் பிரியும். நெல் கொடுத்தவருக்குத்தான் நட்டம்.

விரியும் பட்டியலின் எழுத்து மிகச் சிறியது. பெட்டிக்குக் கொடுத்த எழுத்துரு அதற்குப் போவதில்லை. 'ஒப்ஷன்_அட்' மூலம் அதன் லிஸ்ட்பொக்ஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிதாக்கியதும் சித்தப்பா கண்ணாடி போடாமல் வாசித்துக் காட்டினார்.

மிச்சம் இருப்பது தருமபுரம், தர்மபுரம். இது குறியீட்டுப் பிரச்சினை இல்லை, இரண்டு விதமாகவும் ஆட்கள் எழுதுகிறார்கள். புதுப் பெயர் வந்தால் உடனே சேர்க்காமல், "புது ஊர், சேர்க்கவா?" என்று கேட்கும்படி வைத்திருக்கிறேன். நேற்று சித்தப்பா 'முத்தையன்கட்டு' எழுதி என்டர் தட்டினார். கேட்டது, ஆம் என்றார், அடுத்த தடவை பட்டியலைத் திறந்தபோது அது கடைசி வரியில் இருந்தது.