இந்தி பேசும் கொரியப் பூதம்: போபால் நாட்குறிப்பு

8 ஜனவரி 2024

இரவு உணவுக்குப் பின் கீழ்வீட்டுக்காரர்களோடு அமர்ந்து ‘காப்ளின்’ என்ற கொரியத் தொடரை இந்திக் குரலில் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கிம் உன்-சூக் எழுதி, 2016 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை டிவிஎன் அலைவரிசையில் 16 பகுதிகளாக வெளிவந்தது இது. துரோகி என்று அரசன் பழிசுமத்தியதால் உயிரிழந்த, கொர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலத்துத் தளபதி கிம் ஷின், பூதமாக மாறி, நெஞ்சில் பாய்ந்த வாளோடு 900 ஆண்டுகளுக்கு மேலாகச் சாகாமல் அலைகிறான். அவனுக்கென விதிக்கப்பட்ட மணமகள் அந்த வாளைப் பிடுங்கினால்தான் அவனுக்கு விடுதலை. கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சாபமும் மறுபிறவியும் அவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவைதாம்.

10 ஜனவரி

2022 செப்டம்பரில் இந்தியிலும் தமிழிலும் வெளியான ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்ற ஆங்கிலத் தொடரை இந்தியில் பார்த்தபோது ஒட்டாத ஏதோ ஒன்று, இதில் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால், வாக்கியத்தின் கடைசிப் பெயர்ச்சொல்லில் நடிகர் அழுத்தம் கொடுத்துப் புருவத்தை உயர்த்தும் வேளையில், இந்திக் குரல் பெரும்பாலும் ஓர் எளிய துணைவினையைச் சொல்லி முடித்துக்கொண்டிருக்கும். கொரிய மொழியிலோ, தமிழிலும் இந்தியிலும் போலவே, வினை இறுதியில் வருகிறது. ஆகவே கிம் ஷினாக நடிக்கும் கோங் யூ தயங்குகிற இடத்திலேயே இந்திக் குரலும் தயங்க முடிகிறது, சொல்லப்போகும் செய்தியும் அதே நொடியில் வெளிப்படுகிறது. உதடு மூடித் திறக்கும் ப, ம ஒலிகளை அண்மைக் காட்சிகளில் பொருத்துவது எந்த மொழிக்கும் தலைவலிதான், ஆனால் அந்தப் பிசகைக் கண் மன்னித்துவிடுகிறது. தவறான இடத்தில் விழும் அழுத்தத்தைக் காது மன்னிப்பதில்லை.

13 ஜனவரி

கறுப்புத் தொப்பி அணிந்த மரணத் தூதரைக் கண்டதும் ஆன்ட்டி, “யம்தூத் ஹை, பேட்டா” (எமதூதன்தான், குழந்தாய்) என்று எனக்கே பாடம் எடுத்தார். இறப்பவரின் பெயரும் நேரமும் எழுதிய அட்டையோடு வந்து, வாழ்ந்த வாழ்க்கையை மறக்கச் செய்யும் தேநீரைக் கொடுத்து அனுப்பும் இந்த அலுவலர், எருமையில் வரும் நம் எமனைவிடச் சித்திரகுப்தனுக்கே நெருங்கியவர் என்று எனக்குத் தோன்றுகிறது. லீ டோங்-வூக் அந்தப் பாத்திரத்தை அழகாகச் செய்திருக்கிறார். பூதத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்து அவர் போடும் அற்பச் சண்டைகளுக்காகவே இதைப் பார்க்கலாம்.

14 ஜனவரி

பாடல்கள் மட்டும் கொரிய மொழியிலேயே வருகின்றன. இசையும் பின்னணி ஒலிகளும் தனித் தடத்தில் இருக்க, உரையாடலை மட்டும் மாற்றிப் பதிவுசெய்வதே வழக்கம். எனக்கு இது நல்லதாகவே படுகிறது.

20 ஜனவரி

மரணத் தூதரே முற்பிறவியில் அந்த இளம் அரசன் என்பது தெரிந்துவிட்டது. தன் மனைவியான அரசியையும் அவளுடைய அண்ணனான கிம் ஷினையும் சாவுக்கு அனுப்பியவன், அதை முற்றிலும் மறந்து இத்தனை காலம் பணியாற்றியதே தண்டனைதான் என்று நான் வாதிட்டேன். ஆன்ட்டி ஏற்கவில்லை. மறந்தவனுக்கு ஏது தண்டனை, நினைவு திரும்பிய பிறகு அவன் படுவதுதான் கணக்கில் சேரும் என்றார். அவருடைய மருமகளோ, இப்பிறவியில் சன்னி என்ற பெண்ணாகப் பிறந்திருக்கும் அரசியிடம் கேட்காமல் நாங்கள் இருவரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்.