என் காரின் பெட்ரோலைக் குடித்தது பிரேக்தான்

துடியலூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காந்திபுரத்தில் இருக்கும் என் அலுவலகம் 12 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள், மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையம், சாய்பாபா காலனி, வடகோவை வழியாகத்தான் போய் வருகிறேன். கார் வாங்கியபோது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்றார்கள். எனக்குக் கிடைத்ததோ 13. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியைச் சோதிக்கக் கொடுத்தேன். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் சொன்னது முழுக்க உண்மை என்பது புரிய மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

அதைப் புரியவைத்தவர் என் அப்பா. அவர் அரசுப் பேருந்தில் 29 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். அதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் – ஊட்டி வழித்தடத்தில். மற்ற வீடுகளில் மதிப்பெண் என்ற சொல் எப்படிப் புழங்குமோ அப்படி எங்கள் வீட்டில் கே.எம்.பி.எல். என்ற சொல் புழங்கியது. ஒரு லிட்டர் டீசலுக்குப் பேருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு டெப்போவில் சொல்லும் பெயர் அது. ஒரே பேருந்தை, ஒரே தடத்தில், இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினால் இருவருடைய கணக்கும் ஒன்றாக வராது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிற அந்த எண்ணில் கால் கிலோமீட்டர் கூடினாலும் நாளொன்றுக்கு எத்தனையோ லிட்டர் டீசல் மிஞ்சும் என்று அப்பா சொல்வார். சிறுவயதில் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனத்தில் வாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கண் மருத்துவரைப் பார்ப்பதற்காக அப்பா என்னுடன் முன்சீட்டில் அமர்ந்து வந்தார். வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. வடகோவை தாண்டியதும், "ஏன் கண்ணு, நாப்பத்தாறு வாட்டி பிரேக்க மிதிச்சிருக்கற. இதுல பாதிக்கு மேல தேவையே இல்ல" என்றார். விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். மைலேஜைப் பற்றி நான் புலம்பியதற்கு அவர் தந்த பதில் அது ஒன்றுதான்.

பிரேக்குக்கும் பெட்ரோலுக்கும் என்ன தொடர்பு என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து என் கார் ஏறக்குறைய 1,100 கிலோ எடை. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் ஒன்றரை லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் மூன்று கோடி ஜூலுக்கு மேல் வெப்பம் வருகிறது என்றாலும், நகரத்து ஓட்டத்தில் அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. மீதி ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் சூடாகப் போய்விடும். இந்தக் கணக்கின்படி, நின்றிருக்கும் காரை 60-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 19 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகிறது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் அது இரண்டு ரூபாய். எதிரே சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசி ஐம்பது மீட்டரில் பிரேக்கை அழுத்தி நிற்கும்போது, அந்த இரண்டு ரூபாயும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் வீணாவது எட்டு, ஒன்பது மில்லிலிட்டர்தான். ஏனென்றால் இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40-க்குப் பதில் 60-இல் போய் நின்றால் வேகம் ஒன்றரை மடங்கு, இழப்போ இரண்டேகால் மடங்கு.

என் அலுவலகப் பாதைக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். லிட்டருக்கு 13 என்றால் 12 கிலோமீட்டருக்கு 920 மில்லிலிட்டர் செலவாகிறது. 16 என்றால் 750 மில்லிலிட்டர் போதும். நடுவில் இருக்கும் 170 மில்லிலிட்டரை, 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தும் இருபது தேவையற்ற பிரேக்குகளே விழுங்கிவிடும். அப்பாவின் விரல்கள் சொன்ன எண்ணிக்கைக்கு இது மிக அருகில் வந்தது.

ஆகவே நான் மாற்றிக்கொண்டது காலை அல்ல, கண்ணை. அதுவரை எனக்கு முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தே ஓட்டினேன். அது எரிந்தால் மிதிப்பேன், அணைந்தால் விடுவேன். இப்போது அதற்கும் முன்னால் உள்ள மூன்றாவது, நான்காவது வண்டியைப் பார்க்கிறேன். கவுண்டம்பாளையத்தில் டவுன் பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது, படிக்கட்டில் ஆட்கள் இறங்கத் தயாராக நிற்கிறார்களா என்பது நூறு மீட்டருக்கு முன்பே தெரியும். தெரிந்தால் அங்கேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். வண்டி தன் வேகத்தில் உருண்டு போய், 25, 20 என்று இறங்கும்போது பஸ் கிளம்பிவிட்டிருக்கும். பல நாள் முழுதாக நிற்கவே வேண்டியதில்லை. 20-லிருந்து 40-க்கு ஏறுவது, பூஜ்யத்திலிருந்து ஏறுவதைவிடக் கால் பங்கு மலிவு. டெப்போவில் இதை "வண்டிய ஓட விட்டு எடுக்கறது" என்பார்களாம். அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு முன்வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் இருசக்கர வண்டிகள் அதில் நுழைந்துவிடும் என்பது உண்மைதான். நுழையட்டும். ஒரு வண்டி நுழைந்தால் எனக்கு இழப்பு நான்கு மீட்டர். ஒட்டிக்கொண்டு ஓட்டினால் முன்னால் இருப்பவர் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் என் டேங்கிலிருந்து பெட்ரோல் போகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பல ஆண்டுகள் நானும் அதை நம்பியிருந்தேன். வண்டி உருளும்போது நியூட்ரலில் தட்டிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம் ஊரில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கார்புரேட்டர் இருந்த காலத்து வண்டிகளில் அதில் கொஞ்சம் பொருள் இருந்தது. இன்றைய வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது கணினி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருப்பதை அது உணர்ந்து, இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. எஞ்சின் சுழற்சி ஐடிலுக்கு, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்துக்கு, சற்று மேல் இருக்கும்வரை ஒரு சொட்டும் உள்ளே போகாது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க அது தொடர்ந்து பெட்ரோல் கொடுத்தே தீர வேண்டும். என் காரில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் சிறிய திரை இருக்கிறது. மூன்றாம் கியரில் காலை எடுத்ததும் எண் தாவி 99.9-இல் போய் நிற்கும். அதற்கு மேல் காட்ட அதனிடம் இலக்கம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், பைக்குகளும் ஸ்கூட்டர்களும்கூடப் பெரும்பாலும் இந்த முறைக்கு மாறிவிட்டன. இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

வேகம் எடுப்பதைப் பற்றியும் எனக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்கிறோமோ அவ்வளவு மிச்சம் என்று நினைத்து, இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் தவழ்ந்து போவேன். அப்பா இதைத்தான் கடுமையாகக் கண்டித்தார். எஞ்சின் ஓரளவு பாரத்தைச் சுமக்கும்போதுதான் பெட்ரோலை நன்றாகப் பயன்படுத்துகிறது. கீழ்க்கியரில் சுமையின்றி வேகமாகச் சுழலும்போது, உராய்வுக்கும் காற்றை உறிஞ்சுவதற்குமே நிறையச் செலவழிக்கிறது. ஆகவே மிதமான அழுத்தத்தோடு வேகமெடுத்து, எஞ்சின் முனகாத அளவில் சீக்கிரமே மேல் கியருக்கு மாறுவதுதான் சரி. என் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியை ஒட்டி வரும்போது மாற்றுகிறேன். 45-இல் நான்காம் கியரில் சத்தமின்றிப் போகிறது. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை விட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதில் பெட்ரோலோடு கிளட்ச் தட்டும் தேய்கிறது.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, எதிரி காற்று. காற்றின் தடையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் ஏறுகிறது. சேலம் சாலையில் 80-இல் போகும்போது இருக்கும் காற்றுத்தடை, 110-இல் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடுகிறது. 160 கிலோமீட்டர் தூரத்தை 80-இல் ஓடினால் இரண்டு மணி நேரம், 100-இல் ஓடினால் ஒரு மணி 36 நிமிடம். அந்த 24 நிமிடத்துக்கு விலை உண்டு. அவசரம் இருக்கும் நாளில் நானும் அதைக் கொடுக்கிறேன். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கர்கள் கைவைத்தது இந்த இடத்தில்தான்: 1974-இல் நாடு முழுவதும் உச்ச வேகத்தை மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் என்று சட்டத்தால் கட்டினார்கள். மேலே லக்கேஜ் கேரியரை வெறுமனே பூட்டி வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுவதும் காற்றுக்குக் கொடுக்கும் தண்டம்தான்.

நின்றுகொண்டே எரிப்பது இன்னொன்று. சிறிய பெட்ரோல் எஞ்சின்கூட, ஏ.சி. ஓட ஐடிலில் நின்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரை நெருங்கிவிடும். மாலையில் பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் இருபது நிமிடமும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்; இப்போது வேப்பமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிற்கிறேன். மீண்டும் ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், சில நொடி ஐடிலில் எரிவதற்குச் சமம்தான். ஆகவே ரயில்வே கேட்டில் அணைக்கத் தயங்க வேண்டியதில்லை. டயரில் காற்று மாதம் இருமுறை, வண்டி சூடேறும் முன் பார்க்கிறேன். பக்கத்துத் தெருக் கடைக்குக் காரை எடுப்பதில்லை. குளிர்ந்த எஞ்சின் சூடேறும்வரை அதிகம் குடிக்கும்.

கணக்கு எடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. திரை காட்டும் சராசரியை அப்படியே நம்பக் கூடாது. என்னுடையது எப்போதும் ஒரு கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டுகிறது. ஒரே பங்க்கில், பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மூன்று டேங்க்கின் சராசரி வேண்டும். எனக்கு 13.1 ஆக இருந்தது முதல் மாதம் 15-ஐத் தொட்டு, இரண்டாம் மாதம் 16.2-இல் நிலைத்தது. அலுவலகம் சென்றுசேரும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் மாறவில்லை. விளம்பரத்தில் வரும் 21 எனக்குக் கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொண்டேன். அது ஏ.சி. இல்லாமல், ஆய்வகத்து உருளைகளின் மேல், வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி எடுக்கும் எண். அந்த உருளைகளின் மேல் டவுன் பஸ்ஸும் இல்லை, ஸ்பீடு பிரேக்கரும் இல்லை.

சென்ற மாதம் அப்பாவை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இரண்டாம் கியரில் இறங்கினேன். திரை பெரும்பாலும் 99.9-லேயே நின்றது, கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் மட்டும் பிரேக்கை லேசாகத் தொட்டேன். அப்பா இந்த முறை விரல் மடக்கவில்லை, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்லாறு வந்ததும் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். இறங்கி, முன்சக்கரத்தின் அருகே குனிந்து, பிரேக் இருக்கும் பக்கம் உள்ளங்கையைக் காட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு டீ சொன்னார்.