சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களை யார் பரிசோதிப்பது?

நவம்பர் வந்துவிட்டால் டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்துக்கு முன்பே காற்றுத்தர எண் வந்துவிடும். ஆர்.கே.புரத்தில் எவ்வளவு, மயூர் விஹாரில் எவ்வளவு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அந்த மாதங்களில் எங்கள் அறை வாசலில் வரிசை எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நமக்குக் கரண்ட் அனுப்புகிற ஊர்களின் காற்றைப் பற்றி அந்தக் குழுக்களில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

2018 அக்டோபரில் டெல்லியில் நிலக்கரியில் ஓடிய பதர்ப்பூர் அனல்மின் நிலையத்தை மூடினார்கள். நல்ல காரியம். டெல்லி நிலக்கரி மின்சாரத்தை வாங்குவது மட்டும் நிற்கவில்லை. அதில் ஒரு பங்கு சிங்ரௌலி பக்கத்திலிருந்து வருகிறது. மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் இடம் அது. ரிஹந்த் நீர்த்தேக்கத்தைச் சுற்றித் திறந்தவெளிச் சுரங்கங்களும் மின் நிலையங்களும்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே அதை நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்களிடம் வந்தார். மகன் இங்கே செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இழுக்கும்போதே இருமல் வந்து படம் அசைந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மறுபடி எடுத்தேன். சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று இருந்தது. ஊரில் காசநோய்க்கு முழுக் கோர்ஸ் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி இருந்ததாக எந்த ரிப்போர்ட்டும் இல்லை. பீடி உண்டா என்று கேட்டேன், இல்லை. விறகடுப்பா? முன்பு, இப்போது கேஸ். வீடு எங்கே என்று கேட்டபோதுதான், “கதானுக்குப் பக்கத்தில், தீதி” என்றார். கதான் என்றால் சுரங்கம். வீட்டுக்குப் பின்னாலேயே, மண்ணும் கரியும் அள்ளிப் போகும் டம்பர் லாரிகளின் சாலை. சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடி, அதன்மேல் தட்டு வைப்பாராம். வெடி வைக்கும் நேரத்தில் சுவர் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். அடிபம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

இந்தியாவில் எடுக்கும் நிலக்கரியில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படித் திறந்தவெளியில்தான் எடுக்கிறார்கள். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் துளைபோட்டு, வெடிவைத்து, அள்ளி வேறிடத்தில் மலையாகக் கொட்ட வேண்டும். மணற்பாறையில் சிலிக்கா இருக்கிறது; அதன் தூசி நுரையீரலில் படிந்து அதைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட அதிகத் தூசி கிளம்புவது டம்பர் ஓடும் மண்சாலையில். பெரிய துகள்கள் பக்கத்திலேயே படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியும், மக்கள் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கவலை கண்ணுக்குத் தெரியாத துகளைப் பற்றித்தான். 4 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கிவிடும். கூடவே டீசல் புகை. அது புற்றுநோய் வரவழைக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகவே வகைப்படுத்தியது. தண்ணீர் வற்றுவதற்கும் காரணம் உண்டு: குழி ஆழமாகப் போகப் போக, ஊறும் நீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

திறந்தவெளி என்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்கிறவர்கள் மருத்துவத் துறையிலேயே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010–11-ல் திறந்தவெளிச் சுரங்கத் தொழிலாளர்கள் 2,328 பேருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 46 பேருக்கு நிலக்கரித் தூசி நோய். அதில் 12 பேருக்கு முற்றிய நிலை. அந்த 12 பேரில் 9 பேர் பூமிக்கடியில் வேலையே பார்த்ததில்லை. அதே நாட்டில், அப்பலாச்சிய மலைகளில் சுரங்கத்தையொட்டி வாழும் மக்களின் உடல்நலத்தைப் பற்றி தேசிய அறிவியல் அகாடமி ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் அதற்குப் பணம் கொடுத்த அரசுத் துறையே அதை நிறுத்தச் சொன்னது. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணிப் பார்க்காத நோய்க்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

நம் ஊரிலும் சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட வருட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை, நோய் கண்டால் அறிவிக்க வேண்டிய கட்டாயம், நஷ்ட ஈடு எல்லாம் சட்டத்தில் உண்டு. வேலி தாண்டி இந்தப் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருமினால் காசநோய் என்று எழுதிவிடுவது சுலபம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு. மருத்துவர்களே தடுமாறுகிற இடம் அது.

நோய் என்னவென்று சொல்வது என் வேலை இல்லை. அவருடைய சீட்டில் ‘நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி வீடு, கல்யாணமான நாளிலிருந்து’ என்று எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தை மறுபடி பார்த்து, சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

டெல்லி மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் நர்ஸுகளும் டெக்னீஷியன்களும் இதைப் படித்தால்: சிங்ரௌலி, கோர்பா, தன்பாத் போன்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களிடம் வீடு சுரங்கத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், லாரிப் பாதை எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதுங்கள். நெய்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாராவது இருமலோடு டாக்டரைப் பார்க்கப் போனால், அவர் கேட்காவிட்டாலும் ஊர்ப்பெயரையும் சுரங்கத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.