மாருதி 800: கேம்ஷாஃப்ட் சீல் ஒழுகலும் அதன் காரணமும்

வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் எஞ்சின், டி.என். 23 (வேலூர்) பதிவு. அப்பா வாங்கியது. இன்றும் சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் இடையில் தினமும் ஓடுகிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூட ஒரே கேம்ஷாஃப்ட். வீட்டு வாசலில் வைத்தே வேலை பார்க்க இதைவிடத் தோதான எஞ்சின் கிடையாது என்பது என் எண்ணம்.

பிரச்சினை, கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்டைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் பக்கம் எண்ணெய்க் கசிவு. போன வருடம் ஒரு பட்டறையில் கேம் சீலை, அதாவது கேம்ஷாஃப்ட் முனையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றிக் கொடுத்தார்கள். வெயில் ஏறியதும் மறுபடி தரையில் சொட்டு விழ ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனதற்கு, சம்ப் (எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) பேக்கிங் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "இன்னாபா, எண்ணெய் கீழ இருந்து மேலயா ஏறும்? மொதல்ல எஞ்சினைக் கழுவிட்டு மேல பாரு" என்றார்.

ஒழுகல் தேடுவதில் முதல் பாடம் அதுதான். எங்கே சொட்டுகிறது என்று பார்க்கக் கூடாது, ஈரத்தின் உச்சி எங்கே என்று பார்க்க வேண்டும். எஞ்சின் உச்சியை மூடும் டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்தாலும் கேம் சீலில் கசிந்தாலும், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் சீலில் கசிந்தாலும் கடைசியில் சம்ப் விளிம்பில்தான் வந்து தொங்கும். டைமிங் கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவினேன். காய்ந்ததும் டால்கம் பவுடரைத் தூவி, பெல்ட்டில் கைபடாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். டேப்பட் கவர் ஓரம் வெள்ளையாகவே இருந்தது, கிராங்க் பக்கமும் அப்படியே. கேம் புல்லிக்கு (பெல்ட் ஓடும் பல்சக்கரம்) பின்னாலிருந்து மட்டும் ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. ஆக, சம்ப்பைத் தொட வேண்டியதே இல்லை.

ஆனால் போட்டு ஒரு வருடம்கூட ஆகாத சீல் ஏன் ஒழுக வேண்டும்? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் வருடா வருடம் இதே வேலைதான்.

எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியேற டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு பிரீதர் ஹோஸ் (ரப்பர் குழாய்) போகிறது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எங்கே மெலிந்த இடம் இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தேன். காகிதம் அப்படியே நிற்க வேண்டும், அல்லது லேசாக உள்ளே இழுக்கப்பட வேண்டும். இங்கே அது மேலே தூக்கியது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே கெட்டிப் புளிக்கரைசல் போலக் கசடு. எஞ்சின் முழுச்சூடு ஏறும் முன்பே நிறுத்திவிடும் குட்டிப் பயணங்களில், உள்ளே சேரும் நீராவி ஆவியாகிப் போகாமல் எண்ணெயோடு கலந்து இப்படி ஆகும். ஹோஸ் ரப்பரும் விறைத்திருந்ததால் கழுவிப் பார்க்காமல் புதிதே போட்டேன். கவரில் இருக்கும் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். மறுபடி காகிதம் வைத்தபோது தூக்கவில்லை. ரிங்குகள் தேய்ந்திருந்தால் புது ஹோஸ் போட்டும் தூக்கியிருக்கும், அது வேறு செலவு. தப்பித்தோம்.

அப்புறம்தான் சீல். கடையில் கறுப்பு நைட்ரைல், விட்டான் என்று இரண்டு வகை ரப்பரிலும் சீல் எடுத்து வைத்தார்கள். நைட்ரைல் நூறு டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேகும்போது சீக்கிரம் விறைத்துவிடும். விட்டான் இருநூறு டிகிரி வரை தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் டிராஃபிக்கில் பானட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? விலை கூடினாலும் விட்டான்தான் வாங்கினேன்.

கழற்றும் முன் கேம், கிராங்க் இரண்டும் சரியான நிலையில் சேர்வதைக் காட்டும் குறிகளை நேராக்கி பெயிண்டால் அடையாளம் வைத்தேன். புல்லி போல்ட்டை இளக்கும்போது பெல்ட்டைப் பிடித்து நிறுத்தக் கூடாது, பல் போய்விடும். இரும்புப் பட்டையில் இரண்டு போல்ட் வைத்து வெல்டிங் கடையில் ஒரு பிடி செய்துகொண்டேன். பழைய சீலில் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்கவிட்டு இழுத்தால் வந்துவிடும். ஷாஃப்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு கீறல் போதும், புதுச் சீலும் ஒழுகும்.

ஷாஃப்டைத் துடைத்து நகத்தால் தடவினால், பழைய சீலின் உதடு (ஷாஃப்டைத் தொடும் உள் விளிம்பு) ஓடிய இடத்தில் லேசான பள்ளம். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்றாலும், இத்தனை வருடத்தில் ரப்பர் இரும்பைத் தேய்த்திருக்கிறது. அதனால் புதுச் சீலை முழு ஆழத்துக்கு இறக்காமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன். உதடு இப்போது தேயாத இடத்தில் ஓடும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே. உதட்டில் எஞ்சின் ஆயில் தடவினேன், உலர்ந்து ஓடினால் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும். சுத்தியலால் நேரடியாகத் தட்டாமல், அளவான பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாக இறக்கினேன்.

எண்ணெய் குடித்த டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிட்டேன். துடைத்துப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்கும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் சேர்கின்றனவா என்று பார்த்தேன். சேர்ந்தன.

பிறகு வாணியம்பாடி வழியாக ஏலகிரி போய் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தோம். வந்ததும் கவரைத் திறந்து பார்த்தேன், சீல் ஓரம் காய்ந்திருக்கிறது. கேம்ஷாஃப்டின் மறுமுனையில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் கேஸ் பக்கம் கொஞ்சம் ஈரம் தெரிகிறது. அதுவும் கீழே இறங்கி கியர்பாக்ஸ் பக்கம் சொட்டும். பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் அங்கே இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.