நான் ஊசிதானே கேட்டேன்

“இவன் கேக்கவே இல்ல, இவனுக்கு ஊசி போடறீங்க. நான் அன்னிக்கு அத்தனை தடவை கேட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மடியில் இருந்த ஒன்றரை மாதப் பையன் தொடையில் ஊசி இறங்கியதும் வீறிட்டுக்கொண்டிருந்தான். தடுப்பூசி போடும் இடத்தில் ஆள் இல்லை என்று அன்று ஒருநாள் லேபர் வார்டிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் அவளை மறுபடி பார்த்திருக்கவே மாட்டேன்.

“அதான் நல்லபடியாப் பொறந்துட்டானே கண்ணு” என்றேன்.

“நீங்க தேய்ச்சுவிட்டதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க்கா. ஆனா நான் ஊசிதானே கேட்டேன்?”

நாலு மாதம் ஆகிறது. அந்த ‘ஆனா’ மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அவளுக்கு முதல் பிரசவம். ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்தபோது கருப்பை வாய் 5 செ.மீ. திறந்திருந்தது. ‘வலி தாங்காவிட்டால் டிரமடால்’ என்று வலி குறைக்கும் ஊசி ஒன்றைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தார். முதுகில் மருந்து செலுத்தி வலியை மரக்கவைக்கும் எபிடூரல் பற்றி எங்கள் இடத்தில் பேச்சே எழாது. ராத்திரியில் இருக்கிற ஒரே மயக்க மருத்துவர் சிசேரியன்களுக்கே போதாது. ஆக, இருந்தது அந்த ஊசி மட்டும்தான். நாலடி தூரத்தில், அலமாரியில்.

“ஏதாச்சும் ஊசி இருந்தாப் போடுங்கக்கா” என்றாள்.

“ஊசியெல்லாம் எதுக்கு கண்ணு, கொஞ்ச நேரம் பார்ப்போம். திரும்பி உட்காரு, இடுப்பைப் பிடிச்சுவிடறேன்.”

இதில் எங்கே ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்கிறேன்? எங்குமே இல்லை. அதனால்தான் கேஸ் ஷீட்டிலும் எதுவும் ஏறவில்லை. ஒருத்தி கேட்டாள், நான் கொடுக்கவில்லை என்பதற்கு அந்தத் தாளில் ஒரு எழுத்து கிடையாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கைவேலை நன்றாக வரும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்வை அணைத்துக்கொண்டு உட்காரச் சொல்வேன். வலி ஏறும்போது இடுப்புக்குக் கீழே அந்தத் தட்டை எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, என் உடம்பின் எடையெல்லாம் இறக்கி அழுத்துவேன். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் வலி இடுப்பில்தான் உயிரை எடுக்கும். அவர்களுக்கு இந்த அழுத்தம் அப்படி ஒரு ஆறுதல். வலி இறங்கினால் வெந்நீர்ப் பை. அப்புறம் நடக்கவிடுவது, மூச்சை மெதுவாக விடச் சொல்வது. அம்மாக்காரி பிளாஸ்கில் கொண்டுவந்த சீரகக் கஷாயத்தையும் இரண்டு வாய் குடிக்கவிடுவேன். சூட்டு வலியா பிரசவ வலியா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சுற்று கொடுத்திருப்பார்கள். மிச்சம்தான் எங்களிடம் வரும். விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தார்களா என்று மட்டும் அதட்டிக் கேட்டுவிடுவேன். அது வயிற்றைக் கலக்கி, வலியையும் தாறுமாறாகக் கிளப்பிவிடும்.

தேய்த்தால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல. தொடுகையும் அழுத்தமும் போகும் நரம்புகள் முந்திக்கொண்டால் வலிக்கு வழி குறுகும். நர்சிங் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது, முழங்கையை இடித்துக்கொண்டால் ஏன் உடனே தேய்க்கிறோம் என்று கேட்பேன். எல்லோரும் முழங்கையைத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதே மெல்சாக் பிற்பாடு பிரசவ வலியை அளந்து பார்த்து, 1984-ல் எழுதியதை நான் வகுப்பில் சொன்னதில்லை. மூச்சுப் பயிற்சியும் தயாரிப்பும் வலியைக் குறைக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். பயிற்சி எடுத்த பெண்களிலும் பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள் என்று எழுதியிருந்தார். படித்திருக்கிறேன். சொல்லத் தோன்றவில்லை.

ஒன்றரை மணிக்கு மறுபடி கேட்டாள். இந்த முறை கெஞ்சல். பக்கத்தில் அவள் அம்மா, “பொறுத்துக்க சாமி, சிஸ்டரம்மா சொல்றதக் கேளு” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் 2004-லிருந்து துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுகிறோம்; அதைவிட நல்ல வலி மருந்து இல்லை என்று அடித்துச் சொல்கிறவள் நான். அன்று அந்தத் துணையும் என் பக்கம் நின்றது. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவளுக்காகப் பேச அந்த அறையில் யாரும் இல்லை.

பார்த்தேன், 8 செ.மீ. “இனி போட்டா குழந்தை சோர்ந்து பொறக்கும் கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்” என்றேன்.

இது பொய்யில்லை. பிறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் பெத்தடின் என்ற இன்னொரு வலி ஊசியைப் போட்டு, அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க ஆம்பு பையை அமுக்கிய ராத்திரி எனக்கு உண்டு. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்குமே இருக்கிறது. ஆனால் டிரமடாலில் அந்த ஆபத்து குறைவு என்றும் எனக்குத் தெரியும். அதை விடுங்கள், பதினோரு மணிக்கு? அப்போது 5 செ.மீ.தானே? அப்போது போட என்ன தடை? முதலில் ‘பார்ப்போம்’ என்றேன், பிறகு ‘நேரமாகிவிட்டது’ என்றேன். நடுவில் ஓடிய இரண்டரை மணி நேரம் என்னுடைய முடிவு.

மூன்றேகாலுக்குப் பிறந்தான். தையல்கூட இரண்டே இரண்டு. காலையில் டியூட்டி ஒப்படைக்கும்போது, “ஊசியே இல்லாம, முதல் பிரசவம்” என்று சொன்னேன். அந்தக் குரல் எனக்கே இப்போது கேட்கிறது. பெருமைதான், வேறென்ன.

சரி, வேறு மாதிரியும் யோசித்துப் பார்க்கிறேன். ஊசி போட்டிருந்தால் வாந்தி எடுத்திருப்பாள், தலை சுற்றிப் படுத்தே கிடந்திருப்பாள், நடந்திருக்க மாட்டாள், இத்தனை சீக்கிரம் பிறந்திருக்காது. இருக்கலாம். டிரமடாலுக்கு வலி பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது, எப்படியும் கத்தியிருப்பாள். அதுவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலில் தேய்த்துவிடுவதும் வெந்நீர் ஒத்தடமும் இருக்கிறது என்று டாக்டர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். அதே வழிகாட்டுதலில் வலிக்கு ஊசியும் இருக்கிறது, எபிடூரலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு ‘பெண்ணின் விருப்பத்தைப் பொறுத்து’ என்று ஒரு வரி வரும். ஊசியைத் திணிக்கிறவர்களிடம் அந்த வரியைக் காட்டித்தான் வாதாடுவேன்.

எங்கள் அம்மாயி ஊரில் பிரசவம் பார்த்தவர். அவரிடம் யாரும் ஊசி கேட்டிருக்க முடியாது. இல்லாததை எப்படிக் கேட்பது? என் கையைப் பார்த்து அம்மாயி கை என்பார் அம்மா. எனக்கு அது பிடிக்கும்.

போன வாரம் இன்னொரு பெண். 5 செ.மீ., முதல் பிரசவம், இடுப்பு வலி. அவள் கேட்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி இருக்கிறது, இன்ன செய்யும், இன்ன செய்யாது, வேண்டாமென்றால் தேய்த்துவிடுகிறேன், இரண்டுமே வேண்டுமானாலும் சரி என்று பொறுமையாக விளக்கினேன். வலி ஏறும்போது நிறுத்தி, இறங்கியதும் தொடர்ந்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“எனக்கென்னங்க்கா தெரியும்? நீங்களே பார்த்து எதாச்சும் பண்ணுங்க” என்றாள்.