பட்டாளத்துக்காரர்களின் நினைவும் நம் சினிமாவும்

போர்முனையிலிருந்து வீடு திரும்பிய படைவீரரைப் பற்றிய படங்களில் ஒரு காட்சி அநேகமாகத் தவறாமல் வருகிறது. எங்கோ பட்டாசு வெடிக்கிறது, அவர் திடுக்கிட்டு எழுகிறார், அடுத்த கணமே நாம் பழைய போர்க்களத்தில் நிற்கிறோம். யார் சுட்டார், யார் விழுந்தார், எந்தப் பக்கமிருந்து குண்டு வந்தது என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. ஃப்ளாஷ்பேக் என்ற இந்த உத்தி வேறு கதைகளுக்குப் பொருந்தலாம். போரைக் கண்டவரின் நினைவுக்குப் பொருந்தாது என்றே நான் எண்ணுகிறேன். அந்த நினைவுக்கு இல்லாத உறுதியை அது அதன்மீது ஏற்றிவிடுகிறது.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற சுபேதார். தெருவில் எல்லோருக்கும் அவர் சுபேதார் மாமா. இலங்கை உள்நாட்டுப் போரை நிறுத்த இந்தியா அனுப்பி, பின்னர் விடுதலைப் புலிகளுடனேயே போரிட்ட அமைதிப்படையுடன் 1987-இல் யாழ்ப்பாணம் சென்றவர். தேடுதலுக்குப் போன ஒரு வீட்டின் கிணற்றடியில் தமக்கும் உடன் வந்த நண்பருக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள் என்று ஒருமுறை சொன்னார். வேறொரு நாள் அதே கிணற்றைப் பற்றிச் சொல்கையில், அதற்கு முன்பே அந்த நண்பர் கண்ணிவெடியில் இறந்துபோயிருந்தார். அத்தை குறுக்கிட்டு, போன தடவை வேறு மாதிரி சொன்னீர்களே என்றார். மாமா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கிணற்றடியில் நண்பர் உயிரோடு நிற்கும் வடிவமும் அவருக்கு வேண்டியிருக்கிறது. போரில் இருந்தவரின் உண்மையைத் தேடும் படம் இந்த இரண்டு வடிவங்களையும் தாங்க வேண்டும்.

திரைப்பட வரலாற்றில் இந்தச் சிக்கலின் முதற்சுவடுகளுள் ஒன்று அமெரிக்க இராணுவமே எடுக்கச் சொன்ன ஓர் ஆவணப்படத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த தறுவாயில் இயக்குநர் ஜான் ஹூஸ்டன், லாங் ஐலண்டில் இருந்த இராணுவ மருத்துவமனையில், மனம் நொறுங்கித் திரும்பிய சிப்பாய்களைப் படம்பிடித்தார். 'லெட் தேர் பி லைட்' என்ற அந்தப் படத்தில் நடிகர்கள் இல்லை. பேச்சு வராதவரும், நடக்க இயலாதவரும், தம் பெயரையே மறந்தவரும் கேமராவின் முன் அமர்ந்திருக்கிறார்கள். 1946-இல் முடிந்த படத்தை இராணுவமே தடுத்து வைத்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால், இரண்டாண்டுகளில் நடிகர்களைக் கொண்டு இதே பொருளில் வேறொரு படம் எடுக்கப்பட்டதைப் பார்க்கும்போது, அந்த மெய்யான முகங்களே பாரமாகிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. ஹூஸ்டனின் படம் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது 1980-இல். போர் முதலிய பேரதிர்ச்சிகளுக்குப் பின் நீடிக்கும் மனத்துயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் தனிப்பெயரிட்டுச் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். இந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு. மருந்தும் மனோவசியமும் மறதியைத் திறந்தவுடன் நோய் தீர்ந்துவிட்டது போலக் காட்டுகிறது. நினைவு வந்த பிறகு அதனுடன் வாழ வேண்டிய ஆண்டுகள் படத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அந்த ஆண்டுகளிலிருந்தே தொடங்குகிறது இஸ்ரேலிய இயக்குநர் ஆரி ஃபோல்மன் 2008-இல் உருவாக்கிய 'வால்ட்ஸ் வித் பஷீர்'. 1982 லெபனான் போரில் இளம் சிப்பாயாக இருந்த ஃபோல்மனுக்கு அந்தப் போரின் பெரும்பகுதி நினைவில் இல்லை. பழைய தோழர் ஒருவர், 26 நாய்கள் தம்மைத் துரத்தும் கனவைப் பற்றிச் சொல்கிறார். மனிதர்களைச் சுட இயலாதவர் என்று அவரைக் கண்டுகொண்டவர்கள், ஊருக்குள் படை நுழையும்போது குரைத்துக் காட்டிக்கொடுக்கும் நாய்களைச் சுடும் வேலையை அவருக்குத் தந்திருந்தார்கள். அவர் சுட்ட ஒவ்வொரு நாயும் கனவில் வருகிறது. ஃபோல்மனுக்கோ, இரவில் வானத்தில் வெளிச்சக் குண்டுகள் மெல்ல இறங்க, பெய்ரூட் கடலிலிருந்து எழுந்து கரைக்கு நடக்கும் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப எழுகிறது. அது நிகழ்ந்ததுதான் என்று உறுதிசெய்ய எவராலும் இயலவில்லை. படம் முழுவதும் அனிமேஷன் என்பதால், சாட்சியமும் கனவும் கற்பனையும் ஒரே கோட்டிலும் ஒரே வண்ணத்திலும் வருகின்றன. பார்ப்பவரும் அவற்றைப் பிரித்தறிய முடியாமல் தவிக்க வேண்டியிருக்கிறது. பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் லெபனானின் ஃபலாஞ்சிஸ்ட் கிறிஸ்தவ ஆயுதக்குழுவினர் மக்களைக் கொன்று குவித்த இரவுகளில், அந்த முகாம்களுக்கு மேலே வெளிச்சக் குண்டுகளை ஏவிய இஸ்ரேலியப் படையின் பக்கம்தான் தாம் இருந்தார் என்ற இடத்திற்கு அவர் இறுதியில் வந்துசேர்கிறார். அப்போது ஓவியம் நின்று, கதறும் பெண்களின் உண்மையான படப்பதிவு திரையில் வருகிறது. ஒருவரின் நினைவு எவ்வளவு தடுமாறினாலும் இறந்தவர்களின் இறப்பு தடுமாறுவதில்லை என்பதை அந்த மாற்றம் நிலைநாட்டுகிறது. மாமாவும் நானும் இதைச் சேர்ந்து பார்த்தோம். நாய்க்கனவுக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார், காரணம் சொல்லவில்லை.

தமிழ் பேசும் படங்களில் இந்த உயரத்தை நெருங்கியது, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்து 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்'. இளம் வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் விலகி, பிரான்சில் அடைக்கலம் பெற்ற எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் முன்னாள் போராளியாக நடித்தார். தோழர்களின் உடல்களை எரித்துவிட்டு, இறந்துபோன ஒருவரின் பெயரில் பாரீஸ் புறநகருக்கு வந்து சேரும் அம்மனிதரின் போரை ஃப்ளாஷ்பேக்காக விரிக்காமல், இலைகளுக்கிடையே தெரியும் ஒரு யானையாகவே கனவில் கொண்டுவருகிறார் இயக்குநர். முடிவில் படம் துப்பாக்கிச் சண்டையாக மாறியது எனக்கு வருத்தமளித்தது. அதுவரை காத்த பொறுமையை அது கைவிட்டுவிடுகிறது.

இங்கே தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே அரங்கில் மாறி மாறி ஓடுகின்றன. இரண்டிலும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் பெரும்பாலும் கேண்டீன் ரம்மும் பெருமைப் பேச்சுமாக நகைச்சுவைக்கு வருகிறார், அல்லது பதக்கத்துடன் சுவரில் மாலையிட்ட படமாக இருக்கிறார். 2024-இல் வந்த 'அமரன்', காஷ்மீரில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை அவருடைய மனைவியின் நினைவுகள் வழியே சொன்னது. இழந்தவரின் நினைவு அஞ்சலியாக அமைவது இயல்பே. அதில் குறை காண மாட்டேன். உயிரோடு திரும்பியவர்களின் நினைவுக்குத்தான் இங்கே இடமில்லை. அமைதிப்படையில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, ஈழத்தமிழர்கள் அடைந்த துயரைக் காரணமாகச் சொல்லி அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அந்தத் துயர் மெய். அதைச் செய்த படையில் தமிழ் பேசுபவராக நின்றவருக்கு அதை எவரிடம், எந்த மொழியில் சொல்வது என்பதும் மெய்யான கேள்வி.

அப்படி ஒரு படத்தை எடுப்பவர், கிணற்றடியில் நண்பரை ஒருமுறை நிற்க வைத்தும் மறுமுறை இல்லாமலும் காட்டட்டும். எது சரி என்று கேமரா தீர்ப்பளிக்க வேண்டாம். தண்ணீர் இறைத்துக் கொடுத்த வீட்டாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் கேட்கட்டும், ஏனெனில் அவர்கள் தரப்புச் சாட்சியம் இல்லாவிட்டால் சிப்பாயின் துயரமே அந்தப் போரின் முழு உண்மையாகிவிடும். 1987-இல் இருபது வயதில் போனவர்களுக்கே இப்போது அறுபதை நெருங்கும் வயது. சித்தூர், பாலக்காடு பகுதிகளின் திரைப்படச் சங்க நண்பர்கள், முழுப்படத்துக்குப் பணம் சேரும் வரை காத்திராமல், இவர்களின் பேச்சை இப்போதே பதிவுசெய்யத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே நிகழ்வை இருமுறை வேறுவிதமாகச் சொன்னால் எதையும் வெட்டாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையைப் போலக் குறுக்கிட்டவரின் குரலையும் சேர்த்து.