ஃபெம்டோசெகண்ட் எங்கே தொலைகிறது?

பம்ப்–ப்ரோப் அளவீட்டில் லேசர் பல்ஸ் மாதிரியைக் கிளறிவிடும்; எக்ஸ்ரே பல்ஸ் பின்னாலேயே வந்து அதில் என்ன மாறியது என்று பார்க்கும். லேசர் பல்ஸ் 50 ஃபெம்டோசெகண்ட் (விநாடியின் 10¹⁵-இல் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோசெகண்ட்), எக்ஸ்ரே பல்ஸ் 100. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 112 வரும்; நேரத் துல்லியம் அவ்வளவு இருக்க வேண்டும். உண்மையில் கிடைப்பதோ பெரும்பாலும் அதைவிட மோசம். பழி வழக்கமாக மோனோக்ரோமேட்டர் (எக்ஸ்ரேயில் குறுகிய ஆற்றல் பட்டையை மட்டும் பிரித்தெடுக்கும் படிகக் கருவி) மேல் விழும். அது பாவம்: சிலிக்கான் (111) படிகம் (எண்கள் படிகத் தளத்தின் பெயர்) 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 1 எலக்ட்ரான்வோல்ட் அகலமுள்ள ஆற்றல் பட்டையை உள்ளே விடுகிறது, அதனால் பல்ஸ் நீள்வது சில ஃபெம்டோசெகண்டுதான்.

பார்க்க வேண்டியது கோணத்தை. ஒளி 1 பிகோசெகண்டில் (1,000 ஃபெம்டோசெகண்ட்) 300 மைக்ரான் போகும். லேசர் செங்குத்தாக விழ, எக்ஸ்ரே பரப்பை உரசிக்கொண்டு வந்தால், 300 மைக்ரான் தடத்தின் இரு முனைகளுக்கும் இடையே 1 பிகோசெகண்ட் வித்தியாசம். எக்ஸ்ரே 1°, லேசர் 10° என்று இரண்டையும் சாய்த்தால் அதே தடத்தில் 15 ஃபெம்டோசெகண்டாகச் சுருங்கும். விலை: லேசர் புள்ளி நீண்டு, ஆற்றல் அடர்த்தி ஆறில் ஒரு பங்காகும்.

அடுத்தது ஆழம். மாதிரியாக வைக்கும் பிஸ்மத் உலோகத்தில் 800 நானோமீட்டர் லேசர் ஒளி பதினைந்து நானோமீட்டர் அளவில் அடங்கிவிடும்; எக்ஸ்ரே மைக்ரான் கணக்கில் இறங்கும். கட்டிப் படிகத்தை வைத்தால் லேசர் தொடாத அடுக்குகளின் சிக்னலே மேலோங்கும். 50 நானோமீட்டர் படலம் போதும்.

நேரப் பூஜ்யம், அதாவது இரு பல்ஸும் மாதிரியில் ஒரே கணத்தில் விழும் நிலை, தேட, மாதிரி இருக்கும் இடத்திலேயே வேகமான ஃபோட்டோடையோடு (ஒளியை மின்சிக்னலாக்கும் உணரி) ஒன்றை வைத்து இரு பல்ஸையும் அதே கேபிளில் பாருங்கள். கேபிள் 1 செ.மீ. மாறினால் 50 பிகோசெகண்ட் போச்சு. லேசரைக் குறைத்து இரு சிக்னலின் உயரத்தையும் சமமாக்குங்கள். இல்லையேல் உயரமான சிக்னல் சீக்கிரம் வந்ததுபோல் காட்டும். பிறகு மாதிரியிலிருந்து சிதறும் எக்ஸ்ரேயில் பிஸ்மத் (111) உச்சியின் செறிவைப் பாருங்கள். குறைந்திருந்தால் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டீர்கள். இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். வரிசையாக ஸ்கேன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிலே ஸ்டேஜ் (லேசரின் பாதையை நீட்டியும் குறைத்தும் நேரத்தை மாற்றும் நகரும் கண்ணாடி மேடை) 150 மைக்ரான் நகர்ந்தால் 1 பிகோசெகண்ட், கற்றை போய்த் திரும்புவதால். ஸ்டேஜ் நகரும்போது லேசர் புள்ளியும் மெல்ல விலகினால், அது மாதிரி மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவதுபோலவே வளைகோட்டில் தெரியும். மாதிரிக்குச் சமமான தூரத்தில் கேமரா வைத்து, ஸ்டேஜின் இரு கோடிகளிலும் புள்ளியைச் சரிபாருங்கள்.

கடைசிச் சோதனை: பிஸ்மத் அணுக்கள் சுமார் 2.9 டெராஹெர்ட்ஸில், அதாவது ஏறத்தாழ 340 ஃபெம்டோசெகண்டுக்கு ஒருமுறை, ஒத்திசைந்து ஆடும். அந்த அலை செறிவில் தெரிந்தால் கருவி தேறியது. ஆனால் அதைக் கடிகாரமாக நம்ப வேண்டாம். லேசர் செறிவைக் கூட்டினால் ஆட்டம் மந்தமாகும்.